பழைய கம்ப்யூட்டரில் 2-வது ஹார்டு டிஸ்க்: தப்பான ஒரு 'ஓகே' போதும்... கல்யாண ஆல்பமே காலி!

தை பிறந்தால் கல்யாண சீசன். திண்டுக்கல், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் பக்கம் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் வரும் பெரிய தலைவலி, திரையில் வரும் 'லோ டிஸ்க் ஸ்பேஸ்'. ஒரு கல்யாண வீடியோவை ஏற்ற இன்னொரு கல்யாணத்தை அழிக்க வேண்டிய நிலை. டிடிபி சென்டரிலும் வீட்டிலும் இதே கதைதான்.

புது கம்ப்யூட்டருக்கு பட்ஜெட் இல்லை என்றால், இருக்கும் டெஸ்க்டாப்பிலேயே இரண்டாவது ஹார்டு டிஸ்க் மாட்டிக்கொள்ளலாம். அரை மணி நேர வேலைதான். ஆனால் மாட்டி முடித்ததும் விண்டோஸ் கேட்கும் ஒரு கேள்விக்கு அவசரப்பட்டு பதில் சொன்னால், பல வருட போட்டோக்கள் போய்விடும். அது என்ன கேள்வி? விரிவாக பார்க்கலாம்.

கடைக்கு போகும் முன் கேபினெட்டை திறங்க!

பிளக்கை பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போர்டை பாதிக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

இப்போது மதர்போர்டில் பாருங்கள். விரல் அகலம்கூட இல்லாத மெல்லிய கேபிள் செருகும் இடம் இருந்தால் அது சாட்டா. இன்று கடையில் கிடைக்கும் சாதாரண டிஸ்க்குகள் எல்லாம் இந்த வகைதான். பட்டையான, அகலமான கேபிள் மட்டும் இருந்தால் அது அந்தக்கால ஐடிஇ. அதில் ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் போட வேண்டுமென்றால், பின்பக்கம் உள்ள குட்டி ஜம்பரை மாற்றி ஒன்றை 'மாஸ்டர்', இன்னொன்றை 'ஸ்லேவ்' ஆக்க வேண்டும். இவ்வளவு பழைய சிஸ்டத்துக்கு பணம் செலவழிப்பது வீண் என்றே சொல்லலாம்.

சாட்டா இடம் எல்லாம் நிரம்பியிருக்கிறதா? டிவிடி டிரைவை கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்று யோசியுங்கள். அதன் டேட்டா கேபிளையும் பவர் கேபிளையும் உருவி டிஸ்க்குக்கு கொடுத்துவிடலாம்.

பவரில் கஞ்சத்தனம் வேண்டாம்

டெஸ்க்டாப்புக்கான 3.5 இன்ச் டிஸ்க், ஓடும்போது 10 வாட்டுக்குள்தான் எடுக்கும். சுழலத் தொடங்கும் முதல் சில நொடிகளில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கும். பத்து வருடம் ஓடிய எஸ்எம்பிஎஸ் அங்கேதான் தடுமாறும். புது டிஸ்க் மாட்டியதும் சிஸ்டம் தானாக ரீஸ்டார்ட் ஆனால், டிஸ்க்கை திட்டுவதற்கு முன் எஸ்எம்பிஎஸ்ஸை சோதிக்கச் சொல்லுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா பவர் முனை இல்லையென்றால், பழைய நான்கு முள் முனையிலிருந்து மாற்றித் தரும் கன்வெர்ட்டர் கிடைக்கும். இதில் கவனம். கம்பிகளை பிளாஸ்டிக்கோடு சேர்த்து உருக்கி வார்த்த மலிவு ரகத்தில், உள்ளே கம்பிகள் ஒன்றோடு ஒன்று உரசி தீப்பிடித்த சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. கம்பிகள் தனித்தனியாக செருகப்பட்டிருக்கும் ரகமாக பார்த்து வாங்குங்கள்.

டிஸ்க்கை கேபினெட் அடியில் சும்மா கிடத்தாமல் ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். அதிர்வு அதற்கு ஆகாது.

எத்தனை டிபி வாங்கலாம்?

பழைய விண்டோஸ் பயன்படுத்தும் எம்பிஆர் என்ற முறையில், டிஸ்க்கின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண் சுமார் 429 கோடியோடு முடிந்துவிடும். ஒரு கட்டம் 512 பைட். பெருக்கிப் பார்த்தால் 2 டிபி. அதற்கு மேல் இடமிருந்தாலும் அந்த முறையால் எட்ட முடியாது. பெரிய டிஸ்க்குக்கு ஜிபிடி முறை வேண்டும். விண்டோஸ் 7-க்கு ஜிபிடி தெரியும், ஆனால் 32 பிட் எக்ஸ்பிக்கு தெரியாது. இன்னும் எக்ஸ்பி ஓட்டுபவர்கள் 2 டிபிக்குள் நிற்பதே நல்லது.

1 டிபி வாங்கினால் 931 ஜிபிதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. கம்பெனி ஆயிரத்தால் கணக்கு போடுகிறது, விண்டோஸ் 1024-ஆல் போடுகிறது.

ஆன் செய்ததும் என்ன நடக்கும்?

முதலில் பயாஸில் புது டிஸ்க்கின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். அந்த சாட்டா போர்ட் பயாஸில் 'டிசேபிள்' ஆகியிருக்கவும் வாய்ப்புண்டு. அங்கே 'ஐடிஇ', 'ஏஹெச்சிஐ' என்று இருக்கும் செட்டிங்கை மட்டும் தொடவே தொடாதீர்கள். மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடலாம். விண்டோஸே எழவில்லை என்றால், பூட் வரிசையில் பழைய டிஸ்க்கை முதலில் வையுங்கள்.

பயாஸில் வந்தும் 'மை கம்ப்யூட்டரில் டிஸ்க்கே காட்ட மாட்டேங்குது' என்று பலர் கடைக்கு தூக்கிப் போய்விடுகிறார்கள். தேவையில்லை. புத்தம் புது டிஸ்க்கில் இன்னும் எதுவும் எழுதப்படவில்லை, அதனால் காட்டாது. 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்தால் 'இனிஷியலைஸ் பண்ணவா' என்று விண்டோஸ் கேட்கும். ஓகே கொடுத்து, 'நியூ சிம்பிள் வால்யூம்' போட்டு ஃபார்மேட் செய்தால் வேலை முடிந்தது.

விபரீதம் நடப்பது, மாட்டியது புது டிஸ்க்காக இல்லாதபோது. செத்துப்போன வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, உள்ளே இருக்கும் போட்டோக்களை எடுக்கத்தான் பலர் மாட்டுகிறார்கள். அந்த டிஸ்க்கில் லேசான பழுது இருந்தாலும் விண்டோஸ் அதே கேள்வியைத்தான் கேட்கும். சில நேரம் 'ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்றும் சொல்லும். டேட்டா வேண்டுமென்றால் இரண்டுக்கும் 'கேன்சல்' கொடுங்கள். சிஸ்டத்தை ஆஃப் செய்து, டிஸ்க்கை கழற்றி, டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவாக இருந்தால் இன்னொரு சிக்கல்: எதை ஃபார்மேட் செய்கிறோம் என்பதே குழம்பிவிடும். பழைய டிஸ்க்குக்கு முன்பே 'பழசு' என்று பெயர் மாற்றி வையுங்கள்.

இரண்டாவது டிஸ்க் இருந்தால் பேக்அப் ஆச்சா?

ஆகவில்லை. இரண்டுக்கும் கரண்ட் வருவது ஒரே எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து. ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் ஒரு மின்னல் லைனில் இறங்கினால் இரண்டும் சேர்ந்தே போகலாம். வைரஸ் வந்தாலும் அப்படித்தான். முக்கியமானதை வெளியே எடுத்து வைக்கும் டிஸ்க்கில் ஒரு காப்பி போட்டு, முடிந்தால் வேறு வீட்டில் வையுங்கள்.

லேப்டாப் என்றால்?

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. இதுபோன்ற சின்ன லேப்டாப்களில் பொதுவாக ஒரு டிஸ்க்குக்குத்தான் இடம். இரண்டாவது மாட்ட முயல்வதைவிட, உள்ளே எஸ்எஸ்டி போட்டு, கழற்றிய பழைய டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் வைத்து வெளியிலிருந்து பயன்படுத்துவது சுலபம். வேகமும் கூடும்.

செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்குபவர்கள், 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச சாஃப்ட்வேரில் அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்க்கலாம். நிலவரம் மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.