சீகிரியாவிலிருந்து விழும் கல்

மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியிலே, சூழ்ந்துள்ள சமவெளிக்கு மேல் ஏறக்குறைய 180 மீற்றர் உயர்ந்து நிற்பது சீகிரியாக் குன்று. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் கோட்டை அமைத்த அக்குன்றின் உச்சியிலிருந்து ஒரு கல் விழுமாயின், காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட, அது ஏறக்குறைய 6 வினாடியில் அடிவாரத்தை அடையும். அக்கல் விழுவது ஏன்? பூமி இழுக்கிறது என்பது பள்ளிப் பிள்ளைகளும் கூறும் விடை. அவ்விசையின் அளவை 1687 ஆம் ஆண்டில் நியூற்றன் வகுத்துரைத்தார். ஆயினும், இடையே கயிறு ஒன்றும் இன்றிப் பூமி எவ்வாறு இழுக்கிறது என்பதற்கு அவரும் விடை தந்தாரல்லர்.

இழுவிசை என்னும் கருத்தில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. காற்றில்லாத இடத்தில் இரும்புக் குண்டும் இறகும் ஒருங்கே விழுகின்றன. கனத்த பொருளையும் இலேசான பொருளையும் வேறுபாடின்றி நடத்தும் விசை யாது? விழும் மனிதன் தன் எடையை உணரமாட்டான் என்பதை 1907 ஆம் ஆண்டில் சிந்தித்த ஐன்ஸ்ரைன், பொருள்களுக்கிடையே இழுவை என ஒன்றில்லை, அவை செல்லும் களமே வளைந்துள்ளது என்னும் முடிவை 1915 இல் நிறுவினார்.

வளைவு எவ்வாறு இழுவைபோலத் தோன்றும்? பூமத்திய ரேகையில் வெவ்வேறிடங்களிலிருந்து இருவர் நேர் வடக்கே புறப்படுவதாகக் கொள்வோம். இருவரும் இடமோ வலமோ திரும்பாது செல்கின்றனர். எனினும் அவர்களுக்கிடையே உள்ள தூரம் சிறிது சிறிதாகக் குறைந்து, வடமுனையில் இருவரும் சந்திக்கின்றனர். ஒருவரை ஒருவர் எவரும் இழுக்கவில்லை. அவர்களை நெருங்கச் செய்தது பூமியின் உருண்டை வடிவமே.

இங்கே ஓர் ஐயம் எழும். அப்பயணிகள் நடந்தனர், கையிலிருந்து விடப்பட்ட கல்லோ அசையாதிருந்தது. அசையாத பொருளை வளைவு எங்ஙனம் விழச் செய்யும்? பலரும் இடறும் இடம் இதுவே. வளைந்திருப்பது வெளி மாத்திரமன்று; வெளியும் காலமும் பிரிக்கவியலாத ஒன்றாக இணைந்த களமே வளைந்துள்ளது. ஓரிடத்தில் அசையாதிருக்கும் கல்லும் காலத்தில் சென்றுகொண்டேயிருக்கிறது. காலத்தைத் தூரமாக அளந்தால், ஒளி ஒரு வினாடியில் செல்லும் ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீற்றரே ஒரு வினாடிக்கு ஈடாகும். அத்துணை நெடிய பயணத்தின் முதல் வினாடியில் கல் விலகி விழுவது 4.9 மீற்றரே. ஆகவே வளைவு மிகச் சிறிது; பயணம் மிக நெடிது.

காலத்தின் வளைவு என்பது வெறுஞ் சொல்லன்று. பூமிக்கு அண்மையில் கடிகாரம் மெதுவாகவும், உயரத்தில் சற்று விரைவாகவும் ஓடும். சீகிரியா உச்சியிலும் அடிவாரத்திலும் பிழையற்ற இரு கடிகாரங்களை வைத்தால், ஏறக்குறைய 16 இலட்சம் ஆண்டுகளில் அவற்றுக்கிடையே ஒரு வினாடி வேறுபாடு தோன்றும். இதனினும் நுண்ணிய வேறுபாட்டை 2010 ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் அளந்தனர். அவர்களுடைய அணுக்கடிகாரங்களின் உயர வேறுபாடு ஏறக்குறைய 33 சென்ரிமீற்றரே.

வெளியின் வளைவைக் காணச் சூரிய கிரகணம் துணைபுரிந்தது. சூரியனின் ஓரமாக வரும் விண்மீனொளி 1.75 விகலை திரும்பும் என்றார் ஐன்ஸ்ரைன். ஒரு சென்ரிமீற்றர் அகலமுள்ள பொருளை ஏறக்குறைய 1,200 மீற்றருக்கு அப்பால் வைத்தால் தோன்றும் கோணம் அது. 1919 மே 29 ஆம் நாள் கிரகணத்தின்போது, எடிங்ரன் பிரின்சிப்பே தீவிலும் அவர்தம் நாட்டினர் சிலர் பிரேசிலிலுமாக எடுத்த ஒளிப்படங்கள் அக்கூற்றுக்குச் சான்றாயின. 1955 யூன் 20 ஆம் நாள் காலையில் இலங்கையிலும் முழுக் கிரகணம் நிகழ்ந்தது. சீகிரியாவுக்குக் கிழக்கேயுள்ள பொலன்னறுவைப் பகுதிக்குக் கருவிகளோடு வந்த அயல்நாட்டு வானியலாளர் பலரின் முயற்சியை மேகம் கெடுத்துவிட்டது. இயற்கை தன் மறைபொருளைக் கேட்டபோதெல்லாம் காட்டுவதில்லை.

இக்கொள்கை அறிஞரின் ஏட்டோடு நின்றுவிடவில்லை. தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிச் செல்லும் சாரதி கைத்தொலைபேசியில் வழி பார்க்கும்போது, ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளின் கடிகாரங்களே அவனுக்கு இடம் காட்டுகின்றன. உயரத்தினால் அவை நாளொன்றுக்கு 45 மைக்குரோ வினாடி முந்துகின்றன. வேகத்தினால் 7 மைக்குரோ வினாடி பிந்துகின்றன. எஞ்சும் 38 மைக்குரோ வினாடியைத் திருத்தாவிடின், ஒரே நாளில் ஏறக்குறைய 10 கிலோமீற்றர் அளவுக்குப் பிழை சேர்ந்துவிடும்.

எனவே, விழும் கல்லை எதுவும் இழுக்கவில்லை. வளைந்த களத்திலே தனக்குரிய நேரிய வழியில் அது செல்கிறது. குன்றின் உச்சியில் அமர்ந்திருப்பவனையே கீழிருக்கும் பாறை ஓயாது மேல்நோக்கித் தள்ளி, அவ்வழியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அவன் தன் எடை என்று உணர்வது அத்தள்ளுதலையே.