நடுகல் கேட்கும் நான்கு கேள்விகள்

ஜூலை 26, கார்கில் வெற்றி தினம். எங்கள் பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு நிமிடம் மௌனம் காப்போம். பிறகு பாடவேளை தொடங்கிவிடும். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில், “யாருக்காக மௌனம் காத்தோம்?” என்று கேட்டேன். “ராணுவ வீரர்களுக்காக, சார்” என்றனர். ஒருவர் பெயரைக்கூட யாராலும் சொல்ல முடியவில்லை. தவறு அவர்களுடையதன்று, நான் சொல்லித் தந்ததில்லை.

அன்று நடுகற்களிலிருந்து பாடத்தைத் தொடங்கினேன். போரிலும் ஆநிரை மீட்பதிலும் உயிர்நீத்த வீரர்களுக்கு நம் முன்னோர் கல் நட்டனர். கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களில் புகழுரையைவிடச் செய்தியே மிகுதி. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தப் பூசல், இறந்தவன் யார் என்பவை சில வரிகளில் அடங்கிவிடும்.

யார்? எப்போது? எங்கே? எதற்காக? இந்நான்கையும் கரும்பலகையில் எழுதி, மேஜர் சரவணனுக்கு நடுகல் வாசகம் எழுதச் சொன்னேன். அவர் திருச்சியைச் சேர்ந்தவர்; பீகார் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் அதிகாரி. 1999 மே 29 அன்று, பட்டாலிக் பகுதியில் ஊடுருவியவர்கள் பிடித்திருந்த ஜுபார் மலையை மீட்கும் தாக்குதலில், தம் வீரர்களை முன்னின்று நடத்தி உயிர்நீத்தார். வயது 26. அவரது உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேலானது. மறைவுக்குப் பின் வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது.

முதலில் “சிங்கம்”, “மாவீரன்” என்றே எழுதினார்கள். “பெயரை மாற்றினால் இது வேறொருவருக்கும் பொருந்துமா?” என்றேன். அழித்துவிட்டு மீண்டும் எழுதினார்கள். தந்தை ராணுவத்தில் பணிபுரியும் மாணவி ஒருத்தி, ‘உடல் வரும்வரை வீட்டார் காத்திருந்தனர்’ என்று கடைசி வரியாகச் சேர்த்திருந்தாள். “அது எதுக்கு?” என்றான் பக்கத்தில் இருந்தவன். “அவங்களும்தானே கொடுத்தாங்க” என்றாள். வகுப்பு தானாகவே அமைதியானது.

இதைச் செய்ய ஒரு பாடவேளை போதும். உங்கள் ஊரிலும் ஒரு நினைவுத்தூணோ, வீரர் பெயரில் ஒரு தெருவோ இருக்கலாம்; அங்கிருந்து தொடங்குங்கள். படைவீரர் வீட்டுப் பிள்ளைகளைப் பேசும்படி வற்புறுத்த வேண்டாம். எந்த நாட்டு மக்கள்மீதும் வெறுப்பு வளர இடம் தர வேண்டாம். அடுத்த ஜூலை 26 அன்று மௌனம் காக்கும்போது, மாணவர் மனத்தில் ஒரு பெயராவது இருக்கட்டும்.