பழைய லேப்டாப் மெதுவாகிவிட்டதா? புதிது வாங்கும் முன் கொஞ்சம் பாருங்கள்

நம் வீடுகள் பலவற்றில் ஒரு பழைய லேப்டாப் கிடக்கும். மகன் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியதாக இருக்கும், அல்லது மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்ததாக இருக்கும். ஆன் செய்துவிட்டு டீ குடித்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தின் கடைசி நாளில்தான் அப்படியே உறைந்து நிற்கும். கடைக்காரர் "இது வேலைக்கு ஆகாது, புதுசு வாங்கிடுங்க" என்பார். பல நேரங்களில் அது அவசரத் தீர்ப்பு.

முதலில் ஒரு சின்ன விஷயம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'ஷட் டவுன்' கொடுத்தால் பெரும்பாலும் முழுமையாக அணைவதில்லை. அடுத்த முறை சீக்கிரம் திறப்பதற்காக ஒரு பகுதியை அப்படியே சேமித்து வைத்துக்கொள்கிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். தினமும் அணைக்கிறோமே என்பவர்களும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

அப்படியும் மெதுவாக இருந்தால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூன்று கட்டங்கள் தெரியும். லேப்டாப் திணறும் நேரத்தில் இவற்றில் எது 100 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள். கோளாறு எங்கே என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

பழைய லேப்டாப்களில் அதிகம் சிக்குவது டிஸ்க்தான். அவற்றில் இருப்பது சுழலும் தட்டு கொண்ட ஹார்ட் டிஸ்க். பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழலக்கூடியது. ஒவ்வொரு ஃபைலையும் எடுக்க ஒரு முள் அங்கும் இங்கும் நகர வேண்டும். இன்றைய விண்டோஸ் ஒரே நேரத்தில் நூறு ஃபைல்களைக் கேட்கிறது. முள் என்ன செய்யும்? அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் சுழலும் பாகமே கிடையாது. சில நிமிடம் எடுத்த லேப்டாப் அரை நிமிடத்துக்குள் திறப்பதைப் பார்த்திருக்கிறேன். வீட்டு உபயோகத்துக்கு 256 ஜிபி போதும். புதிய லேப்டாப்பின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

ஆனால் யாரிடம் கொடுத்தாலும், அதற்கு முன் உள்ளே இருப்பதை நகல் எடுத்துவிடுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் என் லேப்டாப்பை ஒரு கடையில் கொடுத்தேன். "ஃபார்மேட் பண்ணினால் சரியாகிவிடும்" என்றார்கள், பண்ணினார்கள். அத்தாவின் குரலைப் பதிவு செய்து வைத்திருந்த ஆடியோக்கள் அதோடு போயின. நகல் இருக்கிறதா என்று அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஒரு மாதம் நன்றாக ஓடிய லேப்டாப் மறுபடி பழைய நிலைக்கே வந்தது. உண்மையில் டிஸ்க்கே பழுதாகியிருந்தது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் நிலையைக் காட்டும். நீலம் என்றால் நலம். மஞ்சளோ சிவப்போ வந்தால் அன்றைக்கே போட்டோக்களையும் சான்றிதழ்களையும் வேறு இடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

மெமரி நிரம்பியிருந்தால், 4 ஜிபி ராம் போதவில்லை என்று பொருள். 8 ஆக்கினால் தெரியும்படி மாறும். சில மெல்லிய லேப்டாப்களில் ராம் போர்டோடு ஒட்டியே வரும், மாற்ற முடியாது, கேட்டுக்கொண்டு வாங்குங்கள். செலவில்லாத வழி, டாஸ்க் மேனேஜரிலேயே 'ஸ்டார்ட்அப்' பகுதிக்குப் போய், தானாகத் திறக்கும் தேவையற்ற மென்பொருள்களை நிறுத்துவது.

சிபியு நிரம்பியிருந்தால் வைரஸாக இருக்கலாம். இலவசமாகக் கிடைக்கிறதே என்று 'கிராக்' மென்பொருள் போடுவதில் வரும் வினை இது. பிறர் உழைப்பை அனுமதியின்றி எடுப்பது சரியா என்பது தனிக் கேள்வி. 'வேகமாக்கித் தருகிறோம்' என்று விளம்பரம் செய்யும் கிளீனர்களையும் நம்ப வேண்டாம். அடிப்பாகம் சுடுகிறது, ஃபேன் அலறுகிறது என்றால் உள்ளே தூசி அடைத்திருக்கும். சூடு ஏறினால் சிபியு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சில லேப்டாப்கள் போலி சார்ஜரை அடையாளம் கண்டு, அதற்காகவே வேகத்தைக் குறைக்கும். இது பலருக்கும் தெரியாது. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 2018-க்கு முன் வந்த பெரும்பாலான லேப்டாப்கள் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. பாடம் படிக்க, விண்ணப்பம் போட, கடிதம் தட்டச்சு செய்ய மட்டும் என்றால் லினக்ஸ் மிண்ட் போதும், இலவசம்தான். அதைப் பென்டிரைவில் போட்டு, லேப்டாப்பில் நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, கேமரா மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.