டைல்ஸ் கடைசியில்தான்!

எங்கள் ஒரகடத்தில், கம்பெனிக்கு ஷிப்டு போகும் பெண்களுக்கு மாடி போர்ஷனை வாடகைக்கு விடும் வீடுகள் நிறைய. அங்கே பாத்ரூமை இடித்துக் கட்டப்போகும் சகோதரிகளே, முதலில் டைல்ஸ் கடைக்கு ஓடாதீங்க!

கையிலிருக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கென்று எடுத்து வையுங்கள். அடுத்தது பைப், வாட்டர் புரூஃபிங், தரை வாட்டம். மிச்சத்தில்தான் டைல்ஸ், அதுவும் வழுக்காத ரகம்.

டைல்ஸ் ஒட்டும் முன், தண்ணீர் போகும் வழியை அடைத்து, 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பாருங்கள். கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் இல்லையென்றால்தான் மேஸ்திரிக்கு அடுத்த தவணை!

சிமென்ட் ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. பில்லைப் பார்த்து வாங்குங்க.

கட்டியபின் ஒழுகினால் மறுபடி இடிக்கணும். அதுவரை நைட் ஷிப்டு முடிந்து வரும் அந்தப் பெண்கள் எங்கே போவாங்க?

- ஒரு குடும்பத்தலைவி, ஒரகடம்.