ஈ.சி. சுத்தம், சரி, 'அ' பதிவேடு?

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. ரோட்டோர டீக்கடை. என்னோடு வேலை பார்த்தவரின் மகன் மனை நோட்டீஸைப் பெஞ்சில் விரித்து வைத்திருந்தான். "அங்கிள், முப்பது வருஷ ஈ.சி. போட்டுட்டேன். ஒரு வில்லங்கமும் இல்ல. அட்வான்ஸ் குடுத்துடலாம்ல?"

"முதல்ல டீயைக் குடி. 'அ' பதிவேடு பாத்தியா?"

முழித்தான்.

ஈ.சி. என்ற வில்லங்கச் சான்று பத்திரப்பதிவு ஆபீஸ் தருவது. யார் யாருக்கு விற்றார், எந்த பேங்கில் அடமானம் என்று அங்கே பதிவானது மட்டும்தான் அதில் வரும். அரசு ஒப்படைத்த நிலத்துக்குப் போட்ட நிபந்தனை வருவாய்த் துறைக் கணக்கான 'அ' பதிவேட்டில் கிடக்கும். அந்த அலமாரியை இந்த அலமாரி எட்டிப் பார்ப்பதில்லை.

நிபந்தனை பிறந்ததே இந்த ஜில்லாவில்தான். அப்போதெல்லாம் தரிசு நிலம் கேட்டு தர்காஸ்து மனு போட்டால் மிராசுதாருக்கே முதல் உரிமை. சேரியிலிருந்து ஒருவர் மனு போட்டதும் மிராசுதார் 'எனக்கு வேண்டும்' என்று குறுக்கே வந்தால் தீர்ந்தது. இதையெல்லாம் 1891-இல் அறிக்கையாக எழுதி அனுப்பினார் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹியர். சேரி மக்களுக்கு நிலம் ஒப்படைக்க 1892-இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம், டி.சி. (டிப்ரஸ்டு கிளாஸ்) நிலம் என்கிறோமே, அது இப்படி வந்ததுதான். மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பத்து வருஷம் விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது. அதன் பிறகும் பட்டியல் சாதியினருக்கு மட்டுமே விற்கலாம். மற்றவருக்கு விற்றால் செல்லாது.

"சொந்த நிலத்தை விக்க முடியாதுன்னா அது அநியாயம் இல்லையா?" என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் கல்யாணக் கடனுக்கும் வைத்தியச் செலவுக்கும் அரை ஏக்கர் கைமாறிவிடும் என்று தெரிந்தே போட்ட வேலி அது. வேலி இருந்தும் எத்தனையோ நிலம் போய்விட்டது.

இங்கிருந்து ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன் செங்கல்பட்டு. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு 1994 அக்டோபர் 10 அன்று அங்கே திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். இந்தப் பையன் அப்போது பிறக்கவேயில்லை.

பட்டாவில் பெயர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். 1980-களில் யு.டி.ஆர். எனும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்து கணக்குகளைப் புதிதாக எழுதியபோது 'டி.சி.' என்ற குறிப்பு பல இடங்களில் விட்டுப்போனது என்பது நில மீட்பு இயக்கங்களின் பழைய குற்றச்சாட்டு. அதனால் ஆன்லைனில் வரும் 'அ' பதிவேட்டோடு நிற்காதீர்கள். பழைய சர்வே நம்பரைக் குறித்துக்கொண்டு, யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின் நகலுக்குத் தாலுகா ஆபீஸில் மனு போடுங்கள். இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. அட்வான்ஸ் அதற்கு அப்புறம்.