கோட்டைக்குக் கிழக்கே

செஞ்சிக்குப் போகிறவர்கள் கோட்டையைப் பார்க்கத்தான் போகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் ஒரே வளையமாகப் பிணைத்து நிற்கிறது அந்த மதில். சுற்றி நடந்தால் 13 கிலோமீட்டர் ஆகும். ராஜகிரியின் உச்சி சுமார் 800 அடி. 1677-ல் சிவாஜி மகாராஜா அதைக் கைப்பற்றினார். அவருடைய குமாரர் ராஜாராம் அங்கே அடைக்கலம் புகுந்திருந்தபோது மொகலாய சைனியம் ஆண்டுக்கணக்காக முற்றுகையிட்டுக் கிடந்து, 1698-ல்தான் உள்ளே நுழைய முடிந்தது. 1714-ல் தேசிங்கு ராஜன் போரில் மாண்டான். 1750-ல் பிரெஞ்சுக்காரர் வந்தார்கள்; 1761-ல் ஆங்கிலேயர் வந்தார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் இன்று காந்தியடிகளின் சிலையைச் சுற்றி நிற்கும் கற்றூண்கள் செஞ்சியிலிருந்து பெயர்த்துக்கொண்டு போனவையே. 2025 ஜூலையில் யுனெஸ்கோ சபையார் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அந்தப் பெருமையைப் பெற்றது செஞ்சி ஒன்றுதான்.

இவ்வளவும் நேயர்களுக்குத் தெரிந்த கதைதான். நாம் சொல்லப் புகுந்தது கோட்டைக்குக் கிழக்கே கிடக்கும் ஊர்களைப் பற்றி. அங்கே ராஜாக்கள் எவரும் வாழவில்லை. ஆனால் நாம் வாழ்ந்தோம்; கோடை விடுமுறைதோறும், சுமார் அறுபது ஆண்டுகளுக்கு முன்பு, மேல்சித்தாமூரில் தாய்வழிப் பாட்டியின் வீட்டில்.

திண்டிவனத்தில் ரயிலை விட்டிறங்கி, செஞ்சிச் சாலையில் பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கினால் மாமாவின் கட்டை வண்டி புளியமரத்தடியில் காத்திருக்கும். சாலையை விட்டு வண்டி திரும்பியதுமே மணமே மாறிவிடும். செம்மண் புழுதியும் மல்லாட்டைக் கொடியும் கலந்த மணம். (நிலக்கடலை என்று எழுதினால் எங்கள் ஊரார் சிரிப்பார்கள். மணிலாவிலிருந்து வந்த கொட்டை, மணிலாக்கொட்டையாகி, அவர்கள் வாயில் மல்லாட்டையாய்க் கனிந்துவிட்டது.) பனைவரிசைக்கு மேலே முதலில் கோபுரம் தெரியும். அது பார்சுவநாதர் ஆலயத்துக் கோபுரம். அருகே ஜினகாஞ்சி ஜைன மடம். தமிழ்நாட்டில் பூர்விகமாக வாழ்ந்து வரும் ஜைனர்கள், அதாவது நயினார்கள், இன்று சில பத்தாயிரம் பேரே இருப்பார்கள். பெரும்பாலும் உழவர்கள். அவர்களுக்கெல்லாம் தலைமையிடம் இந்தச் சிறு ஊர்தான். தாயனூர், விழுக்கம், பெருமண்டூர், அகலூர், வீடூர் என்று சுற்றிலும் அவர்களுடைய ஊர்களே.

பாட்டியை நாம் 'ஆயா' என்று அழைப்போம். ஆயாவின் வீட்டில் இரண்டு சட்டங்கள் உண்டு. தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் யாரும் குடிக்கக் கூடாது. சூரியன் மறைந்தபின் ஒரு பருக்கைகூட உண்ணக் கூடாது. முதல் சட்டத்தால் நமக்குத் தொல்லை ஒன்றும் இல்லை. இரண்டாவது சட்டம் விளையாட்டின் சுவாரசியமான கட்டத்தில் வந்து குறுக்கிடும். மாலை ஐந்தரை மணிக்கே தெருக்கோடியிலிருந்து "பொழுது சாயுது, வாங்கடா!" என்று குரல் கேட்கும். சோற்றுக்குச் சூரியனோடு பந்தயம் ஓடிய சிறுவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

ஊரில் இன்னொரு கோயிலும் உண்டு. மலைநாதர் கோயில் என்பார்கள். மலை என்றால் ஒரு பெரிய பாறைதான். அந்தப் பாறையின் முகத்தில் 9-ஆம் நூற்றாண்டில் பார்சுவநாதர், மகாவீரர், அம்பிகை முதலியோரை வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அவர்களில் நம்முடைய பிரியம் முழுவதும் பாகுபலியிடந்தான். ராஜ்யத்தை வென்றும் வேண்டாமென்று விட்டுவிட்டு, காட்டில் அசையாமல் தவம் நின்றவர் அவர். எவ்வளவு காலம் நின்றாரென்றால், காலில் கொடி ஏறிப் படர்ந்துவிட்டது. சிற்பி அந்தக் கொடியையும் விடாமல் செதுக்கியிருக்கிறான்.

அது என்ன கொடி என்பதில் ஒரு கோடை முழுவதும் சர்ச்சை நடந்தது. மாமா புராணம் படித்தவர். மாதவிக் கொடி என்று அடித்துச் சொன்னார். நம்மோடு சுற்றித் திரிந்த ஆடு மேய்க்கும் பையன் ஒருவன், எழுத்து வாசனை இல்லாதவன், "மாதவி எங்க இருக்கு இந்தப் பக்கம்? அது பிரண்டைங்க" என்றான். வழக்கு ஆயாவிடம் போயிற்று. ஆயா சற்று யோசித்து, "பிரண்டையாத்தான் இருக்கும். மேல பட்டா அரிக்கும். அரிச்சும் அசையலையே, அதுதான் தவம்" என்றாள். மாமா வாயை மூடிக்கொண்டார்.

அந்தப் பையன்தான் நமக்குக் காட்டைக் கற்பித்தவன். காடு என்றதும் வானளாவிய மரங்களை எண்ண வேண்டாம். எங்கள் காட்டில் யானை மறையாது, ஆள் மறையலாம். பாறைகளுக்கிடையே, தலைக்கு இரண்டு முழம் உயரத்தில், இலை சிறுத்துத் தோல்போல் தடித்த மரங்கள். வீரை, காயா, உலக்கைப்பாலை, வெப்பாலை, உசிலை. ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழையைச் சேமித்து வைத்துக்கொண்டு சித்திரை வெயிலிலும் பச்சை மாறாமல் நிற்கும் ஜாதி இவற்றில் பல. உலர் பசுமைமாறாக் காடு என்று தாவர சாஸ்திரிகள் இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். சோழமண்டலக் கரையோரம் ஒரு காலத்தில் பரந்து கிடந்த இந்தக் காடு இன்று துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. செஞ்சிக்கு அருகே பக்கமலையில் கொஞ்சம், மரக்காணம் பக்கம் புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றிக் கொஞ்சம். ஐயனாருக்குப் பயந்து அரிவாளை வீசாமல் விட்டார்கள், அதனால் பிழைத்தது.

எங்களுக்குச் சாஸ்திரம் தேவைப்படவில்லை. எது எப்போது பழுக்கும் என்பது போதுமாயிருந்தது. களா, காரை, சூரை, உலக்கைப்பாலையின் மஞ்சள் பழம். உசிலையின் இலை மட்டும் ஆயாவுக்கு. உலர்த்தி இடித்தால் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு அரப்பு. ஆனால் காட்டிலும் வீட்டுச் சட்டம் உண்டு. ஜைன வீட்டுப் பிள்ளை தேனைத் தொடலாகாது. அத்திப்பழமும் ஆலம்பழமும் ஆகா. ஒரு நாள் அந்தப் பையன் பாறை இடுக்கிலிருந்து தேனடை ஒன்றை இலையில் ஏந்தி வந்து நீட்டினான். நாம் மறுத்தோம் என்று எழுதத்தான் ஆசை. உண்மை வேறு. நாக்கில் வைத்த அந்த ஒரு துளியை நாம் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. ஆயாவுக்குத் தெரிந்திருக்கும் என்றே இப்போது தோன்றுகிறது.

அந்தக் காட்டைப் பற்றி ஊரில் ஒரு கதை வழங்கி வந்தது. 15-ஆம் நூற்றாண்டில் செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்பவன் தனக்கு ஒரு ஜைனப் பெண்ணைக் கேட்டானாம். தருவதாகச் சொன்னவர்கள், மணநாளில் அவன் வந்து பார்க்கும்போது, பந்தற்காலில் ஒரு பெண்நாயைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்களாம். ஜைனர் தலைகளையெல்லாம் வெட்டும்படி உத்தரவு பிறந்தது. பலர் ஓடினார்கள், பலர் திருநீறு பூசிக்கொண்டார்கள். தாயனூர் காங்கேய உடையார் உடையார்பாளையத்துக்குத் தப்பினார். வேலூரென்னும் சிற்றூரைச் சேர்ந்த வீரசேனர் பிடிபட்டும், அரசனுக்குப் பிள்ளை பிறந்த வேளையாதலால் உயிர் பிழைத்து, சிரவணபெளகுளம் சென்று கற்றுத் துறவியானார். பின்னர் உடையார் அவரை அழைத்துவந்து மக்களை மறுபடி பழைய நெறியில் சேர்த்தாராம். 1906-ல் வெளியான தென்னாற்காடு ஜில்லா கெஜட்டில் இக்கதை அச்சேறியிருக்கிறது. இதில் எத்தனை சரித்திரம், எத்தனை கற்பனை என்று நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆயா இதைச் சொல்லும்போது ராஜாவின் பெயரை விழுங்கிவிடுவாள். ஓடியவர்கள் எந்தப் பாறைக்குப் பின்னால் ஒளிந்தார்கள் என்பதை மட்டும் விரலால் சுட்டிக் காட்டுவாள். யானைப்பாறை என்று நாங்கள் பெயரிட்டு, முதுகில் ஏறிச் சறுக்கி விளையாடிய பாறை அது.

ஒரு முறை விடியுமுன் வண்டி கட்டிக்கொண்டு திருநாதர்குன்றுக்குப் போனோம். செஞ்சிக்கு வடக்கே, சிங்கவரத்துக்கு அருகே இருக்கிறது. ஒரு பெரும் பாறையில் தீர்த்தங்கரர் 24 பேரும் வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். மாமா எங்களை அங்கே நிறுத்தாமல் பாறைமேல் வெட்டியிருந்த சில எழுத்துக்களிடம் அழைத்துப் போனார். சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர் நீத்த இடம் என்பதே அதன் பொருள். வட்டெழுத்து உருவாகி வந்த அந்நாளைய லிபியில், தமிழின் 'ஐ' என்னும் உயிரெழுத்து இவ்வளவு பழமையாக வேறெங்கும் அகப்படுவது அரிது என்று கல்வெட்டு அறிஞர்கள் இதைப் போற்றுகிறார்கள். தேசிங்கு ராஜனுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது. படையும் இல்லை, பட்டமும் இல்லை. ஒரு மனிதன், ஒரு பாறை, 57 நாள். அவ்வளவே அதிலுள்ள செய்தி.

திரும்பி வருகையில் வண்டிச் சக்கரத்தின் கடையாணி கழன்றுவிட்டது. சரிசெய்து புறப்படுவதற்குள் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆயா சாலையோரத்திலேயே கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்து, மேற்கே ஒரு கண்ணும் எங்கள் கையில் ஒரு கண்ணுமாக, உருண்டை உருண்டையாகக் கொடுத்தாள். கடைசிப் பிள்ளை உண்டு கைகழுவியபோது சூரியன் கோட்டைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. மிச்சச் சோற்றை அவள் மாடுகளுக்கு வைத்தாள். அன்றிரவு வீடு வந்து சேர்ந்து படுத்தபின் நாம் கேட்டோம்: "ஆயா, அம்பத்தேழு நாள் எப்படி?" இருட்டில் பதில் வந்தது: "முதல் நாளுதான் கஷ்டம். தூங்கு."

இங்கிலாந்தில் செல்போர்ன் என்று ஒரு கிராமம் உண்டு. அதன் பாதிரியார் கில்பர்ட் வைட் தம் ஊரின் மரம், பறவை, மண், மழை, வளர்த்த ஆமை எல்லாவற்றையும் கடிதங்களாக எழுதி 1789-ல் புத்தகமாக்கினார். இன்றும் ஆங்கிலேயக் குடும்பங்கள் அதைப் போற்றி வைத்திருக்கின்றன. அந்த ஊரில் சண்டை எதுவும் நடந்துவிடவில்லை. குருவிகள் வந்தன, போயின. நம் செஞ்சிக்கும் ஒரு நல்ல சரித்திரம் உண்டு. ஸி. எஸ். ஸ்ரீநிவாஸாச்சாரியார் எழுதி, 1943-ல் அண்ணாமலைச் சர்வகலாசாலை வெளியிட்டது. ஆனால் அது கோட்டையும் அதன் அதிபதிகளும் பற்றிய நூல். களாப்பழம் எந்த மாதம் பழுக்கும் என்பது அதில் இராது. இருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பதும் நியாயமாகாது. அதைத் தெரிந்திருந்தவன் ஆடு மேய்த்தான். எழுதத் தெரிந்திருந்த நாமோ பட்டணத்துக்குப் போய்விட்டோம்.

கோட்டைக்கு உலக கௌரவம் கிடைத்த செய்தியைப் படித்ததும் ஊருக்கு ஒரு நடை போய்வரத் தோன்றிற்று. மாமாவின் பேரன், பத்து வயதுப் பையன், மோட்டார் சைக்கிளில் தன் தகப்பனோடு வந்து எதிர்கொண்டான். கோபுரம் அப்படியே நிற்கிறது. மடம் இருக்கிறது, விளக்கு எரிகிறது. ஆனால் ஊர்ப்புறத்துக் காட்டில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. காயாமரம் ஒன்றைக்கூட நம் கண்ணால் காணவில்லை. யானைப்பாறை இருந்த இடத்தில் சதுரமாக ஒரு பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். பாறை ஜல்லியாகி எந்தச் சாலையிலோ கிடக்கிறது. நாம் வந்த சாலையாகவே இருக்கலாம். ராஜகிரியில் ஒரு கல்லைப் பெயர்த்தால் கேட்பதற்குச் சர்க்கார் உண்டு. 1921 முதல் அது தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருக்கிறது. பெயரில்லாத பாறைக்கு யார் உண்டு? வெட்டியவரைக் குறைகூறி நாம் திருப்தியடைந்துவிட முடியவில்லை. அந்தப் பாறைக்கு ஒரு கதை உண்டென்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அதைச் சொல்லத் தெரிந்திருந்தவர்களில் நாமும் ஒருவர்.

மலைநாதர் கோயிலில் பையனைப் பாகுபலியின் முன் நிறுத்தினோம். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அது என்ன கொடி, தாத்தா?" என்றான்.

பிரண்டை என்றோம். அவன் பிரண்டையைப் பார்த்ததில்லையாம். வெளியே வந்து தேடினோம். காட்டில் இல்லை, வெகுதூரம் நடந்தபின் ஒரு மல்லாட்டைக் கொல்லையின் முள்வேலியில் அகப்பட்டது. நான்கு பட்டை தெரிய ஒரு கணுவை ஒடித்துக் கொடுத்தோம். அவன் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து நசுக்கி முகர்ந்து பார்த்தான். பிறகு கையை அரைக்காற் சட்டையில் பரபரவென்று தேய்த்துக்கொண்டே, "அரிக்குது, தாத்தா!" என்றான்.