தகுதிகாண் காலத்தில் இழந்த வேலையை எப்படிச் சொல்வது?

புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் தமக்குள்ளேயே புதைத்துவிடும் துயரங்கள் பல. வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களிலேயே அங்கிருந்து நிறுத்தப்படுவது அவற்றுள் ஒன்று. ஊரில் இது நடந்திருந்தால் உறவினர் அறிவர்; ஆறுதல் கூறுவர். இங்கோ மனைவிக்குச் சொல்வதற்கே நா எழுவதில்லை. அடுத்த தொழில் வழங்குநரிடம் எவ்வாறு சொல்வது?

இதை நான் அனுபவத்தால் அறிந்தேன். சுவிற்சர்லாந்துக்கு வந்த தொடக்கத்தில் ஒரு சலவைக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. விரிவுரை மண்டபத்தில் வெண்கட்டி பிடித்துப் பழகிய கைகள் ஈரத்துணிகளை மடிக்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. ஐந்தாம் வாரத்தில் கடிதம் தந்தார்கள். வேலை முடிந்த பின்னரும் இரண்டு நாட்கள் சாப்பாட்டுப் பெட்டியுடன் வீட்டிலிருந்து புறப்பட்டு, மாலைவரை புகையிரத நிலையத்தில் அமர்ந்திருந்தேன்.

அடுத்த நேர்முகப் பரீட்சைக்கான சுயவிபரத்தில் அந்த ஐந்து வாரங்களை மறைத்தேன். அக்காலத்தில் ஜேர்மன் மொழி கற்றதாகக் கூறினேன். எதிரே இருந்த அம்மையார் கடிந்துகொள்ளவில்லை. வகுப்பின் சான்றிதழை மட்டும் கேட்டார். என்னிடம் அது இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த வேலை கிடைத்திருக்குமோ, அறியேன். பொய்யினால் அது கிடைக்காமற் போனதை நன்கறிவேன்.

முதலில் சட்டத்தை விளங்கிக்கொள்வோம். இந்நாட்டின் கடப்பாட்டுச் சட்டத்தின் 335பி பிரிவின்படி வேலையின் முதல் மாதம் தகுதிகாண் காலமாகும். எழுத்து மூல உடன்பாட்டினால் அதனை மூன்று மாதங்கள் வரை நீடிக்கலாம். இக்காலத்தில் ஏழு நாள் முன்னறிவித்தலுடன் இரு தரப்பில் எவரும் விலகிக்கொள்ளலாம். இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கென்றே இக்காலம் வகுக்கப்பட்டது. ஆதலால் அதனுள் வேலை முடிவடைவது குற்றத் தீர்ப்பு அன்று.

வேலை நின்றதும் செய்யவேண்டியவை மூன்று. நீக்கத்துக்கான காரணத்தை எழுத்தில் தருமாறு கேளுங்கள். கேட்டால் தருவது தொழில் வழங்குநரின் கடமை. அடுத்து, தொழிற்சான்றிதழைப் பெறுங்கள். அது உண்மைக்கு மாறாகவோ, உங்களுக்கு வீணான கேடு விளைவிப்பதாகவோ இருத்தலாகாது. விரும்பினால் வேலையின் தன்மையையும் காலத்தையும் மட்டும் குறிக்கும் சான்றிதழையும் கேட்கலாம். சில வாரங்களே நீடித்த வேலைக்கு அது போதுமானது. மூன்றாவது, நிறம், பிறப்பு போன்ற காரணங்களால் நீக்கப்பட்டதாகக் கருதினால், முன்னறிவித்தற் காலம் முடிவதற்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தாக வேண்டும். தகுதிகாண் காலத்தில் அதற்கு உங்களிடம் இருப்பது அந்த ஏழு நாட்களே. எனவே தொழிற்சங்கத்தையோ சட்ட ஆலோசனை நிலையத்தையோ உடனே நாடுங்கள்.

இனி நேர்முகப் பரீட்சைக்கு வருவோம். இங்கே விண்ணப்பத்துடன் முந்தைய வேலைகள் அனைத்தினதும் சான்றிதழ்களை இணைப்பது வழக்கம். ஆகவே இடைவெளி உடனே கண்ணிற்படும். அதை மறைக்க முயல்வதைவிட மூன்று வாக்கியங்களில் சொல்லி முடிப்பது மேல். என்ன நடந்தது என்பதற்கு ஒன்று. அதிலிருந்து கற்றதற்கு ஒன்று. இந்த வேலை ஏன் பொருந்தும் என்பதற்கு ஒன்று. ‘அங்கே வேகம் முதன்மையாக இருந்தது, அதற்கு நான் ஈடுகொடுக்கவில்லை. நிதானமும் கவனமும் வேண்டிய பணியே எனக்கு ஏற்றது என அறிந்தேன். அதனாலேயே உங்கள் களஞ்சியத்தில் பொருட்களைச் சரிபார்க்கும் பணிக்கு விண்ணப்பித்தேன்.’ இத்துடன் நிறுத்துங்கள். பழைய முதலாளியைத் தூற்றவேண்டாம். அந்தத் தூற்றல் அடுத்து தம்மேல் விழும் என்றே கேட்பவர் எண்ணுவார். உங்களையும் நீங்களே தூற்றவேண்டாம்.

உண்மை பேசுவதென்றால் அனைத்தையும் ஒப்புவிப்பதென்று பொருளல்ல. வேலையோடு தொடர்பற்ற நோயையோ, அரசியலையோ, குடும்பத் திட்டங்களையோ கூற வேண்டிய கடமை உங்களுக்கில்லை. பழைய இடத்தில் உங்களைப் பற்றி விசாரிப்பதற்கும் உங்கள் சம்மதம் வேண்டும். ஆனால் வேலையைப் பற்றிய முக்கிய விடயத்தில் பொய்யுரைத்துப் பெற்ற ஒப்பந்தம், அப்பொய் வெளிப்படும்போது குலைந்துபோகலாம்.

மூன்றாவது இடத்தில் நான் அந்த ஐந்து வாரங்களைச் சொன்னேன். கேட்டவர் ஒரு கணம் தாளைப் பார்த்தார். பின்னர், காலை எத்தனை மணிக்கு வரமுடியும் என்று வினவினார். அவ்வளவுதான். அன்று மாலை வீடு திரும்பியதும், புகையிரத நிலையத்தில் கழித்த அந்த இரண்டு நாட்களைப் பற்றியும் மனைவியிடம் சொன்னேன். நேர்முகப் பரீட்சையைவிட அதுவே எனக்குக் கடினமாக இருந்தது. வாசகரே, உங்கள் வீட்டில் ஒருவர் இன்று வழமைக்கு மாறாக மௌனமாயிருந்தால், கடிந்து கேளாமல் அருகில் அமருங்கள். வீட்டில் சொல்ல முடிந்தவருக்கு வெளியிலும் சொல்ல வரும்.